ஏழு வாரம் வாய் திறக்காதவர்: நெஞ்சு எக்ஸ்ரேயை வாசிக்கக் கற்றுத்தரும் ராண்ட்ஜனின் வாழ்க்கை

இருமல் ரெண்டு வாரத்தைத் தாண்டினால் டாக்டர் எழுதித் தரும் முதல் சீட்டு பெரும்பாலும் நெஞ்சு எக்ஸ்ரேக்குத்தான். வடபழனி மாதிரி ஓர் இடத்தில் அது பெரிய வேலையே இல்லை. ஆற்காடு சாலையில் நாலு எட்டு வைத்தால் ஒரு ஸ்கேன் சென்டர். சாயங்காலம் படம் எடுத்தால், வீடு போய்ச் சேர்வதற்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அதில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒபாசிட்டி என்று ஒரு வரி. அடுத்த நிமிடம் கூகுள். அதற்கடுத்த நிமிடம் தூக்கம் போச்சு.

ஒபாசிட்டி என்பது நோயின் பெயர் இல்லை. கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். அது சளியா, சீழா, பழைய தழும்பா, கட்டியா என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைக்கும் சொல் அது.

இந்தப் பழக்கத்துக்கு 130 வருட வரலாறு உண்டு. எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த வில்ஹெல்ம் கொன்ராட் ராண்ட்ஜன், தான் பார்த்தது என்னவென்று தனக்கே தெரியாததால்தான் அதற்கு எக்ஸ் என்று பெயர் வைத்தார். கணக்கில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போடுவோமே, அதே எக்ஸ். அவர் டாக்டர் இல்லை. நோயாளியின் நெஞ்சுப் படத்தை வைத்து வைத்தியம் பார்த்தவரும் இல்லை. ஆனாலும் ஒரு நிழலைப் பார்த்தால் எப்படி யோசிக்க வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

சான்றிதழ் இல்லாத மாணவர்

ராண்ட்ஜன் பிறந்தது 1845 மார்ச் 27, ஜெர்மனியின் லென்னெப் என்ற சிற்றூரில். அப்பா துணி வியாபாரி. வீட்டுக்கு ஒரே பிள்ளை. மூன்று வயதில் குடும்பம் நெதர்லாந்தின் அபெல்டோர்ன் ஊருக்குக் குடிபெயர்ந்தது. படிப்பில் சூரப்புலி என்றெல்லாம் யாரும் சொன்னதில்லை. காடு மேடு சுற்றுவதும், கையால் கருவிகள் செய்வதும்தான் பிடித்தவை.

உட்ரெக்ட் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் படிக்கும்போது ஒரு வில்லங்கம் வந்தது. வகுப்பில் யாரோ ஓர் ஆசிரியரைக் கேலியாக வரைந்துவிட்டார்கள். வரைந்தது ராண்ட்ஜன் இல்லை. ஆனால் யார் வரைந்தது என்று காட்டிக்கொடுக்க அவர் மறுத்துவிட்டார். விளைவு, பள்ளியைவிட்டு வெளியேற்றம். பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான பள்ளி இறுதிச் சான்றிதழ் கடைசிவரை அவர் கைக்கு வரவே இல்லை.

ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் பாலிடெக்னிக்கில் அந்தச் சான்றிதழ் இல்லாமலும் சேரலாம் என்று கேள்விப்பட்டு 1865ல் அங்கே போனார். 1868ல் இயந்திரப் பொறியியல் பட்டயம், அடுத்த வருடமே ஜூரிச் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். இயற்பியல் பேராசிரியர் ஆகஸ்ட் கூன்ட் அவரைத் தன் உதவியாளராக வைத்துக்கொண்டார். ஜூரிச்சில் உணவு விடுதி நடத்தியவரின் மகள் அன்னா பெர்த்தா லுட்விக்கை 1872ல் திருமணம் செய்தார். பெர்த்தா அவரைவிட ஆறு வயது மூத்தவர்.

கூன்டோடு வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பழைய சான்றிதழ் பிரச்சினை மறுபடி முளைத்தது. அது இல்லாதவருக்கு அங்கே ஆசிரியர் தகுதி தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்ட்ராஸ்பர்க், ஹோஹென்ஹைம், கீசன் என்று ஊர் ஊராக வேலை பார்த்தார். 1888ல் அதே வூர்ஸ்பர்க் அவரை இயற்பியல் பேராசிரியராக அழைத்தது. 1894ல் பல்கலைக்கழகத் தலைவர் பொறுப்பும் வந்தது. குழந்தை இல்லாத தம்பதி, பெர்த்தாவின் சகோதரர் மகளை ஆறு வயதில் அழைத்துவந்து வளர்த்தார்கள். குடியிருப்பு மாடியில், ஆய்வுக்கூடம் கீழே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

1895 நவம்பர் 8. அன்று வெள்ளிக்கிழமை. காற்று உறிஞ்சப்பட்ட கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சி, கேத்தோடு கதிர்களை ராண்ட்ஜன் ஆராய்ந்துகொண்டிருந்தார். வெளிச்சம் கசியாமல் இருக்கக் குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார். அறை முழு இருட்டு. அந்த இருட்டில், கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு திரை மினுமினுத்தது. பேரியம் பிளாட்டினோசயனைடு என்ற ரசாயனம் பூசிய திரை அது.

இதில் என்ன அதிசயம்? கேத்தோடு கதிர்கள் காற்றில் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது என்பது அப்போதே தெரிந்த விஷயம். திரை அதைவிடத் தள்ளி இருந்தது. இன்னும் நகர்த்திப் பார்த்தார். 2 மீட்டர் தொலைவிலும் மினுமினுப்பு நிற்கவில்லை. அட்டையைத் தாண்டி, காற்றைத் தாண்டி வேறு ஏதோ ஒன்று வருகிறது.

அவருக்கு முன்பே இதன் தடயத்தைப் பார்த்தவர்கள் உண்டு. 1890 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆர்தர் குட்ஸ்பீடும் வில்லியம் ஜென்னிங்ஸும் இதே மாதிரிக் குழாயை வைத்து வேலை செய்தபோது, பக்கத்தில் இருந்த புகைப்படத் தகட்டில் நாணயங்களின் நிழல் பதிந்திருந்தது. காரணம் புரியாமல் தகட்டை ஒதுக்கி வைத்தார்கள். 1896ல் ராண்ட்ஜன் செய்தி வந்த பிறகுதான் அது எக்ஸ்ரே படம் என்று அவர்களுக்கே தெரிந்தது. கண் பார்த்தது. ஆனால் வாசிக்கவில்லை.

ஏழு வாரம் என்ன செய்தார்?

ராண்ட்ஜன் அன்றைக்கே ஊரைக் கூட்டவில்லை. உதவியாளர்களிடம்கூட விவரம் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு நேரத்துக்கு மாடி ஏறுவது நின்றது. ஏறினாலும் பேச்சு இல்லை. கட்டில்கூட ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டது என்பார்கள்.

அந்த ஏழு வாரமும் அவர் செய்தது ஒரே வேலைதான்: குழாய்க்கும் திரைக்கும் நடுவில் ஒவ்வொரு பொருளாக வைத்துப் பார்ப்பது. 1,000 பக்கப் புத்தகத்தை வைத்தார், கதிர் தாண்டியது. மரப்பலகை, ரப்பர், அலுமினியம் எல்லாவற்றையும் ஏதோ ஓர் அளவுக்குத் தாண்டியது. 1.5 மில்லிமீட்டர் ஈயத்தகட்டில் ஏறக்குறைய நின்றுபோனது. காந்தத்தால் அதை வளைக்க முடியுமா? முடியவில்லை. அப்படியானால் இது கேத்தோடு கதிர் இல்லை. கண்ணாடி வில்லையால் குவிக்க முடியுமா? முடியவில்லை. அப்படியானால் சாதாரண வெளிச்சம் மாதிரியும் இல்லை. நடுவில் தன் கையை நீட்டியபோது, மங்கலான சதை நிழலுக்குள் எலும்புகளின் கரிய நிழல் திரையில் தெரிந்தது.

கண் ஏமாற்றலாம் என்பதால் திரையோடு நிறுத்தாமல் புகைப்படத் தகட்டில் பதிவு செய்தார். டிசம்பர் 22 அன்று பெர்த்தாவைக் கீழே அழைத்து, கையைத் தகட்டின் மேல் வைக்கச் சொல்லி, ஏறக்குறைய 15 நிமிடம் அசையாமல் இருக்கச் சொன்னார். விரல் எலும்புகளும் மோதிரமும் பதிந்த அந்தப் படம்தான் இன்றைக்கும் உலகமே பார்க்கும் எக்ஸ்ரே படம்.

டிசம்பர் 28 அன்று வூர்ஸ்பர்க் இயற்பியல் மருத்துவச் சங்கத்திடம் கட்டுரையைக் கொடுத்தார். அதில் என்ன பார்த்தேன், எப்படிச் சோதித்தேன், எது எதுவாக இல்லை என்பதெல்லாம் வரிசையாக இருந்தன. இது என்ன என்ற கேள்விக்கு மட்டும் உறுதியான பதில் இல்லை. புதுவகை அலையாக இருக்கலாமோ என்ற ஊகத்தைக்கூட ஊகம் என்றே எழுதினார். அது மின்காந்த அலைதான் என்பதற்கு அழுத்தமான சான்று 1912ல்தான் வந்தது. மேக்ஸ் வான் லாவேயின் யோசனைப்படி, படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி அதைக் காட்டினார்கள். அந்தச் சோதனை செய்த இருவரில் ஒருவரான பால் நிப்பிங், ராண்ட்ஜனிடம் முனைவர் பட்டம் படித்தவர்.

படம் என்பது நிழல்

ராண்ட்ஜனின் ஈயத்தகடும் புத்தகமும் சொன்ன விஷயம்தான் இன்றைய நெஞ்சு எக்ஸ்ரேயின் அரிச்சுவடி. கதிரை எந்தப் பொருள் எவ்வளவு தடுக்கிறதோ அவ்வளவு வெள்ளை. தடுக்காத இடம் கறுப்பு. சினிமா ஃபிலிமிலும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலும் வேலை செய்தது ஒரே வெள்ளி உப்புதான். ரெண்டையும் இருட்டறையில்தான் கழுவினார்கள். ஸ்டுடியோக்களுக்குப் பேர்போன வடபழனியில், விஜயா வாஹினி ஸ்டுடியோ அதிபர் பி. நாகிரெட்டியே ஒரு மருத்துவமனையையும் தொடங்கியது, அந்த வகையில் பொருத்தமான தற்செயல். ஆனால் ஒரு வித்தியாசம். சினிமா கேமரா பொருளின் மேல்பரப்பைப் பிடிக்கிறது. எக்ஸ்ரேயோ முதுகிலிருந்து மார்பு வரை வழியில் இருக்கும் எல்லாவற்றின் நிழலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஒரே தாளில் தருகிறது.

ஒரு சாதாரண நெஞ்சுப் படத்தில் ஐந்து நிறம்தான் உண்டு. காற்று கறுப்பு. கொழுப்பு அடர்சாம்பல். தசை, ரத்தம், தண்ணீர் எல்லாம் வெளிர்சாம்பல். எலும்பு வெள்ளை. உலோகம் பளிச்சென்ற வெள்ளை. நுரையீரல் கறுப்பாகத் தெரிவது அதில் காற்று இருப்பதால். நிமோனியாவில் அந்தக் காற்றறைகளில் சீழ் நிரம்பினால் வெள்ளை. ரத்தம் கசிந்தாலும் வெள்ளை. இதயம் சோர்ந்து நீர் கோத்தாலும் வெள்ளை. மூன்றும் ஏறக்குறைய ஒரே வெள்ளைதான்.

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குவார்கள். காற்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்பது மட்டுமே படம் சொல்லும் சேதி. அந்த வேறு ஏதோவுக்குப் பெயர் வைக்கக் காய்ச்சல் எத்தனை நாள், சளியில் ரத்தம் உண்டா, எடை குறைந்ததா, பீடி சிகரெட் பழக்கம் உண்டா, போன வருடப் படம் எப்படி இருந்தது என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும்.

உலகம் ஓடியது, அவர் நின்றார்

1896 புத்தாண்டு அன்று ராண்ட்ஜன் தன் கட்டுரைப் பிரதிகளையும் சில படங்களையும் நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பினார். அதில் ஒன்று வியன்னாவில் ஒரு பேராசிரியர் கைக்குப் போய், ஜனவரி 5 அன்று அந்த ஊர்ப் பத்திரிகையில் செய்தியாக வெடித்தது. சில நாட்களில் உலகம் முழுக்க அதே பேச்சு. ஜனவரி 13 அன்று பெர்லினில் ஜெர்மன் பேரரசர் முன்னால் செய்துகாட்டினார். ஜனவரி 23 அன்று வூர்ஸ்பர்க் சங்கத்தில் பேசி, முதிய உடற்கூறியல் பேராசிரியர் கொல்லிக்கரின் கையை எல்லோர் முன்னாலும் படம் எடுத்தார். இந்தக் கதிர்களுக்கு ராண்ட்ஜன் பெயரையே வைக்கலாம் என்று கொல்லிக்கர் அந்த இடத்திலேயே முன்மொழிய, அரங்கம் கைதட்டியது. ராண்ட்ஜனுக்கோ எக்ஸ் என்ற பெயரே போதும்.

காப்புரிமை எடுத்திருந்தால் பணம் கொட்டியிருக்கும். பெரிய மின்சாரக் கம்பெனி தேடி வந்தது. கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுவானது என்று மறுத்துவிட்டார். பெயருக்கு முன் வான் என்று போட்டுக்கொள்ளும் பிரபுப் பட்டம் வந்தபோதும் வேண்டாம் என்றார். 1901ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. ஸ்டாக்ஹோம் போய் வாங்கினார். ஆனால் உரை நிகழ்த்தவில்லை. பரிசுத்தொகையை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். எக்ஸ் கதிர் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் மொத்தம் மூன்றே மூன்று. புதிதாகச் சொல்ல இல்லாதபோது எழுதவில்லை.

கையிலிருந்து நெஞ்சுக்கு

கை எலும்பைப் படமெடுப்பது சுலபம். கை அசையாது. நெஞ்சு அப்படியா? மூச்சு ஏறி இறங்கும், இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். 15 நிமிடம் எடுத்துக்கொள்ளும் அந்தக் காலக் குழாயில் நெஞ்சை எடுத்தால் வெறும் மூட்டம்தான் மிஞ்சும். அதனால் முதல் தலைமுறை டாக்டர்கள் தகட்டைவிட மினுமினுக்கும் திரையைத்தான் நம்பினார்கள். 1896லிருந்தே பாஸ்டனில் பிரான்சிஸ் வில்லியம்ஸ் நோயாளிகளின் நெஞ்சை இப்படித் திரையில் பார்த்து, கண்டதை வரைந்துவைத்து, 1901ல் பெரிய நூலாக்கினார். பாரிஸில் ஆன்ட்வான் பெக்லேர் காசநோயைத் தேடத் திரையைப் பயன்படுத்தியதோடு, மற்ற டாக்டர்களுக்கும் வகுப்பு எடுத்தார். 1913ல் அமெரிக்கர் வில்லியம் கூலிட்ஜ் அதிக சக்தியுள்ள, நம்பகமான குழாயை உருவாக்கிய பிறகு நெஞ்சுப் படங்கள் தெளிவடைந்தன.

இன்றைக்கு டெக்னீஷியன் மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க என்று சொல்வதும் இதற்காகத்தான். நுரையீரல் முழுக்க விரிந்தால்தான் அதன் அடிப்பகுதி தெரியும். பாதி மூச்சில் எடுத்த படத்தில் ஆரோக்கியமான நுரையீரலும் வெளிறிப்போய், இல்லாத நோயைக் காட்டும். பலகையில் மார்பை ஒட்டி நிற்கவைத்து முதுகுப் பக்கமிருந்து கதிர் பாய்ச்சுவதற்கும் காரணம் உண்டு. இதயம் மார்புக்கு முன்பக்கம் இருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் நிழல் அசல் அளவுக்கு நெருக்கமாக விழும். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு முன்பக்கமிருந்து எடுக்கும்போது அதே இதயம் வீங்கியது மாதிரி பெரிதாகத் தெரியும். சுவரில் கைநிழல் விளையாட்டு ஆடிய எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது.

வாசிக்கும் வரிசை

ராண்ட்ஜன் ஒவ்வொரு பொருளாக வைத்துப் பார்த்த மாதிரியே, நெஞ்சுப் படத்தையும் ஒரு வரிசையில் பார்க்கத்தான் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். முதலில் பெயர், வயது, தேதி. அடுத்து வலது இடது அடையாள எழுத்து. படத்தைத் திருப்பிப் பிடித்தால் இதயம் வலப்பக்கம் போய்விடும். அபூர்வமாகச் சிலருக்கு நிஜமாகவே அங்கேதான் இருக்கும். அடுத்து, ஆள் நேராக நின்றாரா, மூச்சு முழுசாக இழுத்தாரா, கதிர் அளவு சரியா.

அதற்குப் பிறகுதான் உள்ளே நுழைவது. மூச்சுக்குழாய் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறதா. விலா எலும்புகள், கழுத்துப்பட்டை எலும்புகள். இதயத்தின் அகலம் மார்பின் உள் அகலத்தில் பாதிக்குள் அடங்குகிறதா. உதரவிதானத்தின் ரெண்டு ஓரக் கோணங்களும் கூர்மையாக இருக்கின்றனவா, நீர் தேங்கி மழுங்கிவிட்டனவா. பிறகு நுரையீரல், வலதையும் இடதையும் ஒப்பிட்டபடி. கடைசியில் ஒளிந்துகொள்ளும் இடங்கள்: கழுத்துப்பட்டை எலும்புக்குப் பின்னால் இருக்கும் உச்சி, இதயத்துக்குப் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே. காசநோய்க்குப் பிடித்த இடம் அந்த உச்சி.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இதயத்தின் ஓரம் படத்தில் தெரிவதே பக்கத்தில் காற்று இருப்பதால்தான். அந்தக் கோடு திடீரென்று காணாமல் போனால், ஒட்டியிருக்கும் நுரையீரல் பகுதியில் காற்று இல்லை என்று அர்த்தம். புதிதாக வந்ததை மட்டும் இல்லாமல், காணாமல் போனதையும் தேட வேண்டும்.

இவ்வளவு ஏன்? எடுத்த எடுப்பில் பெரிய வெள்ளைத் திட்டு கண்ணில் பட்டதும் மனசு அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒன்று கிடைத்துவிட்ட திருப்தியில், பக்கத்தில் இருக்கும் ரெண்டாவது சின்னப் புள்ளி தப்பிவிடும். வரிசை என்பது அந்த அவசரத்துக்குப் போடும் கடிவாளம்.

பழகிய கண்ணும் தவறும்

1940களின் கடைசியில் அமெரிக்காவில் கூட்டம் கூட்டமாக நெஞ்சுப் படம் எடுத்துக் காசநோயைத் தேடினார்கள். ஒரே படங்களை அனுபவமுள்ள பல டாக்டர்களிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது, முடிவுகள் கணிசமாக வேறுபட்டன. அதைவிட அதிர்ச்சி, அதே டாக்டர் கொஞ்ச காலம் கழித்து அதே படத்தைப் பார்த்து வேறு முடிவு சொன்னதும் நடந்தது. ரெண்டு பேர் தனித்தனியாகப் படிப்பது, பழைய படத்தோடு ஒப்பிடுவது போன்ற பழக்கங்கள் இதனால் வலுப்பட்டன. 1948ல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், எந்தப் படம் மருந்து வாங்கியவருடையது என்று தெரியாமலேயே நிபுணர்கள் படங்களை வாசித்தார்கள். தெரிந்தால் கண் தனக்குப் பிடித்ததைப் பார்த்துவிடும் என்ற பயம்தான்.

சென்னைக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928ல் தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கினார். இன்றைக்கு மின்சார ரயில் நிற்கும் சானடோரியம் ஸ்டேஷனின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையில் 1934ல் பர்னார்ட் கதிரியக்கவியல் நிறுவனம் திறக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக எக்ஸ்ரே படிக்கக் கற்றுக்கொடுத்த இடம் அது. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் வந்தது. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரில் பாதிப் பேருக்கு வீட்டிலும் மீதிப் பேருக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைக் கொடுத்து, வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய அதே பலன் தருகிறது என்று 1959ல் உலகத்துக்குக் காட்டியது. நோய் தணிந்ததா என்பதை முடிவு செய்ய அந்த ஆய்வு படத்தின் நிழலை மட்டும் நம்பவில்லை. சளியில் கிருமி இருக்கிறதா என்பதே முக்கிய அளவுகோல். படம் சந்தேகத்தைக் கிளப்பும், சளி உறுதி செய்யும்.

இந்த வித்தியாசத்தில் உயிரே இருக்கிறது. எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பும், இப்போது வேலை செய்யும் காசநோயும் படத்தில் ஒன்றுபோலவே தெரியலாம். படத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தேவையில்லாமல் 6 மாதம் மாத்திரை. இன்னொரு பக்கம், நுரையீரல் புற்றுநோயை டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை போட்டு, சிகிச்சைக்கான நேரத்தைத் தொலைத்தவர்கள் இந்தியாவில் ஏராளம். எக்ஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் அவசரப்பட்டு விடையை எழுதியதன் விலை அது.

பார்க்காமல் போட்ட கையெழுத்து

ராண்ட்ஜனும் இந்த அவசரத்துக்குத் தப்பவில்லை. 1900ல் மியூனிக் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். 1914ல் முதல் உலகப்போர் தொடங்கியதும், பெல்ஜியத்தில் ஜெர்மன் படை செய்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகளை மறுத்து ஜெர்மன் அறிஞர்கள் 93 பேர் ஓர் அறிக்கை விட்டார்கள். அதில் ராண்ட்ஜனின் கையெழுத்தும் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஏழு வாரம் சோதிக்காமல் ஒரு வரிகூட எழுதாதவர், நாடு என்று வந்ததும் தான் நேரில் பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி சொன்னார். அந்தக் கொடுமைகள் நடந்தவைதான் என்று பின்னால் வரலாறு உறுதி செய்தது.

அதே போரில் அவருடைய கதிர்கள் ரெண்டு தரப்பு ராணுவ மருத்துவமனைகளிலும் குண்டுகளைத் தேடிக்கொண்டிருந்தன. பிரெஞ்சுப் பக்கம் மேரி கியூரி எக்ஸ்ரே வண்டிகளைப் போர்முனைக்கு அனுப்பி, 150 பெண்களுக்குக் கருவியை இயக்கக் கற்றுக்கொடுத்தார்.

கடைசி வருடங்கள் கஷ்டமானவை. நீண்ட காலம் நோய்வாய்ப்பட்டிருந்த பெர்த்தாவை ராண்ட்ஜன் தானே பார்த்துக்கொண்டார். வலி தாங்க ஊசி போட்டதும் அவரே. 1919ல் பெர்த்தா இறந்தார். போருக்குப் பிந்தைய பணவீக்கத்தில் சேமிப்பு கரைந்தது. காப்புரிமைப் பணம் என்று ஒரு காசுகூடக் கிடையாது. அந்தக் கண்டுபிடிப்பில் தனக்கும் பங்குண்டு என்று பிலிப் லெனார்ட் என்ற இயற்பியலாளர் கடைசிவரை குமுறிக்கொண்டே இருந்தார். ராண்ட்ஜன் சண்டைக்குப் போகவில்லை.

1923 பிப்ரவரி 10 அன்று குடல் புற்றுநோயால் மியூனிக்கில் இறந்தார். வயது 77. கதிர்வீச்சுதான் காரணம் என்று சொல்ல முடியாது. அவர் இந்தக் கதிர்களோடு வேலை செய்தது கொஞ்ச காலம்தான், அதுவும் பெரும்பாலும் உலோகப் பெட்டிக்குள் இருந்தபடி. மற்ற முன்னோடிகள் பலருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தினமும் தன் கையையே வைத்துக் குழாயைச் சோதித்தவர்கள் விரல்களை இழந்தார்கள், பிறகு உயிரை இழந்தார்கள். 1936ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் எழுப்பப்பட்ட நினைவுத்தூணில் அப்படிப்பட்ட 169 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இன்றைக்கு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைக்கும் கதிர்வீச்சு, சில நாட்களில் நம் உடம்பு இயற்கையிலிருந்தே வாங்கிக்கொள்ளும் அளவுதான். அந்தப் பாதுகாப்பு அவர்கள் கொடுத்த விலையில் வந்தது.

இப்போது இயந்திரமும் வாசிக்கிறது

15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் காசநோயைத் தேடும்போது, நெஞ்சுப் படத்தைக் கணினி மென்பொருளே வாசிக்கலாம் என்று 2021ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் ஏ.ஐ. தருவதும் தீர்ப்பு இல்லை. இவரைச் சோதித்துப் பாருங்கள் என்ற சந்தேகக் குறிதான். அதற்குப் பிறகு சளிப் பரிசோதனை உண்டு.

ரிப்போர்ட் கைக்கு வந்தால் செய்ய வேண்டியவை ரொம்ப எளிமையானவை. பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். போன வருடமும் அதே திட்டு அதே அளவில் இருந்தது என்பதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. ரிப்போர்ட்டை மட்டும் இல்லாமல் படத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். முன்பு டி.பி. வந்ததா, வீட்டில் யாருக்காவது இருந்ததா, புகைப்பழக்கம் உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். படம் சுத்தமாக இருக்கிறது என்று வந்தும் இருமலோ எடைக்குறைவோ நிற்கவில்லை என்றால் மறுபடி போங்கள். நிழலில் விழாத நோயும் உண்டு.

ராண்ட்ஜன் தன் சொந்த ஆய்வுக் குறிப்புகளையும் கடிதங்களையும் எரித்துவிடச் சொல்லி உயில் எழுதியிருந்தார். அப்படியே செய்தார்கள். நவம்பர் 8 அன்று இரவு அவர் மனதில் என்ன ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. கீசன் நகரக் கல்லறையில் பெற்றோருக்கும் பெர்த்தாவுக்கும் பக்கத்தில் அவர் இருக்கிறார். ஜெர்மானியர்கள் இன்றும் அந்தப் படத்தை ராண்ட்ஜன் என்றே சொல்கிறார்கள். நாம் சொல்வது, அவர் விரும்பியபடியே, எக்ஸ்ரே.